ஒரு கேமரா இன்னொரு கேமராவாக நடிக்க: எங்கள் காப்புரிமை ஆய்வு அனுபவம்

கோடம்பாக்கம், சாலிகிராமம் பக்கம் டி.ஐ. ஸ்டூடியோக்களில் (படத்தின் நிறத்தைக் கணினியில் சீர்படுத்தும் இடம்) வேலை பார்க்கிற எவருக்கும் இந்தத் தொல்லை பழக்கம். பாட்டுக்கு மெயின் கேமரா ஆரி அலெக்ஸா. காருக்குள்ளே எடுத்ததும், ஆட்டம் வராமல் தாங்கும் கிம்பலில் ஓடி எடுத்ததும் சோனியின் சின்னக் கேமராவில். எடிட்டர் இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டியிருப்பார். கதாநாயகியின் கன்னம் ஒரு ஷாட்டில் சந்தன நிறமாக இருக்கும், அடுத்த ஷாட்டில் லேசாகப் பச்சையடிக்கும். அதை மேட்ச் பண்ணிக் கொடுக்கவே கலரிஸ்டுக்கு ராத்திரி போய்விடும்.

சின்னக் கேமராவைப் பெரிய கேமரா மாதிரி நடிக்க வைக்கிற ஒரு முறையை நானும் இமேஜ் பிராசஸிங் தெரிந்த நண்பனும் சேர்ந்து உருவாக்கினோம். அதற்கு இந்தியக் காப்புரிமையும் கிடைத்தது. “சாஃப்ட்வேருக்குத்தான் இந்தியாவில் பேட்டன்ட் கிடையாதே, எப்படி வாங்கினீர்கள்?” என்று கேட்கிறவர்களுக்குச் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று இது.

முதலில் தொழில்நுட்பம். இது புரியாவிட்டால் ஆய்வில் நடந்த வாக்குவாதம் புரியாது. ஒரு சென்சார் தன் மேல் விழுகிற அத்தனை அலைநீளங்களையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே எண்களாகச் சுருக்கிவிடுகிறது. எந்த அலைநீளத்தை எவ்வளவு வாங்குவது என்பது கேமராவுக்குக் கேமரா வேறு. புடவைக்கடை விளக்கில் ப்ளவுஸ் பிட் அச்சாகப் பொருந்தும், தெருவுக்கு வந்து வெயிலில் பார்த்தால் தனியாகத் தெரியும் இல்லையா, அதேதான் கேமராவுக்கும் நடக்கிறது. அலெக்ஸாவுக்கு ஒரே நிறமாகத் தெரிகிற இரண்டு துணிகள் இன்னொரு சென்சாருக்கு வேறு வேறாகத் தெரியும். மூன்று எண்ணாகச் சுருங்கியபோது தொலைந்த தகவலை அப்புறம் எந்தக் கணக்குப் போட்டும் மீட்க முடியாது.

வழக்கமாகச் செய்வது என்ன? 24 கட்டங்கள் கொண்ட கலர் சார்ட்டை இரண்டு கேமராவிலும் எடுத்து, ஒன்றை இன்னொன்றாக மாற்றும் ‘3டி லட்’ என்கிற நிற அட்டவணை ஒன்றைச் செய்வது. மூன்று நிறத்துக்கும் தலா 33 புள்ளி வைத்த லட்டில் 35,937 புள்ளிகள் இருக்கும். நாம் உண்மையில் அளந்தது 24 மட்டும். மிச்சமெல்லாம் இட்டு நிரப்பியது. டங்ஸ்டன் விளக்கில் ஒப்பேற்றிவிடலாம். எல்.இ.டி. சுவர், கலர் மாற்றும் ட்யூப் லைட் என்று வந்த பிறகு இது படுத்துவிடுகிறது.

நாங்கள் குறுகிய அலைநீள எல்.இ.டி.க்கள் அடுக்கிய ஒரு பெட்டியை வைத்து இரண்டு சென்சாரின் உணர்திறனையும் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறோம். படப்பிடிப்புத் தளத்தில் விளக்கின் ஸ்பெக்ட்ரத்தைத் தனியாக அளக்கிறோம். இரண்டையும் வைத்து அந்த வெளிச்சத்துக்கென்றே ஒரு மாற்றத்தைக் கணக்கிடுகிறோம். கூடவே, சின்னக் கேமராவின் ஐ.எஸ்.ஓ., ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் எல்லாம் எப்படி இருந்தால் நிழல் பகுதியின் நாய்ஸ் (புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல்) மெயின் கேமராவை ஒத்திருக்கும் என்று பார்த்து, ரெக்கார்டு அழுத்தும் முன்பே கேமராவுக்குக் கட்டளை அனுப்புகிறோம். இந்தக் கடைசி வேலையை நாங்கள் பெரிதாக நினைக்கவே இல்லை. நண்பனுக்கு அது ஒரு வசதி, அவ்வளவுதான். கதை அதில்தான் திரும்பியது.

விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவர் ஒரு பேட்டன்ட் ஏஜென்ட் மேடம். நாங்கள் டி.பி.ஐ.ஐ.டி. (மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் என்பதால் ஃபார்ம் 28 போட்டுக் குறைந்த கட்டணத்தில் நுழைந்தோம். ஆன்லைனில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய். 10 கிளைமுக்கு (எது நம்முடையது என்று உரிமை கோரும் வாசகம்) மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் 320. 30 பக்கத்துக்கு மேல் ஒவ்வொரு பக்கத்துக்கும் 160. ஸ்டார்ட்அப்களுக்கான அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதன் கீழ் பதிந்த ஏஜென்டின் கட்டணத்தை அரசே கொடுத்துவிடும், நாம் அலுவலகக் கட்டணத்தை மட்டும் கட்டினால் போதும். இது பலருக்கும் தெரிவதில்லை.

முதல் சந்திப்பிலேயே மேடம் ஒன்று சொன்னார்: “சார், இன்னைக்கு எழுதாததை நாளைக்குச் சேர்க்க முடியாது. உங்களுக்கு அற்பமாத் தெரியறதையும் சொல்லுங்க.” சட்டத்தின் 59-வது பிரிவு அப்படித்தான். பிறகு திருத்தலாம், விளக்கலாம், சுருக்கலாம். முதலில் தாக்கல் செய்த விவரத்தில் இல்லாத புது விஷயத்தை உள்ளே கொண்டுவர முடியாது. அதனால் அவர் குடைந்து குடைந்து கேட்டார். பெட்டிக்குள் எல்.இ.டி. எப்படி அடுக்கியிருக்கிறது, டிஃப்யூசர் எங்கே, கேமராவுக்குக் கட்டளை எந்த வழியாகப் போகிறது, நாய்ஸை 18 சதவீத கிரே கார்டில் அளந்தீர்களா, கறுப்பிலா... நண்பனுக்கு அலுத்தேவிட்டது. அந்தக் கேள்விகளிலிருந்து பிறந்த சில பத்திகளும், டெல்டா இ (இரண்டு நிறங்களுக்கு இடையிலான வித்தியாசம்) அளவுகளை முன்னும் பின்னும் காட்டிய ஓர் அட்டவணையும் அப்புறம் எங்களைத் தாங்கிப் பிடித்தன.

தாக்கல் செய்கிற வரை யாருக்கும் டெமோ காட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விண்ணப்பத்துக்கு முன்பே வெளியே தெரிந்த விஷயத்தை ‘முன்னோடி’ என்பார்கள், நமக்கு நாமே முன்னோடி ஆகி, நம் விண்ணப்பத்தை நாமே கவிழ்த்துவிடலாம். தெரிந்த ஒளிப்பதிவாளர் ஒருவர் “ஒரு நாள் செட்டுக்குக் கொண்டாங்க” என்று ஆசையாகக் கேட்டும் தள்ளிப்போட்டோம். இன்னொன்று, இந்தியாவில் குடியிருப்பவர் நேராக வெளிநாட்டில் போய் விண்ணப்பிக்க முடியாது. இங்கே தாக்கல் செய்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது முன்அனுமதி வாங்க வேண்டும். இது 39-வது பிரிவு. மீறினால் தண்டனையும் உண்டு.

விண்ணப்பித்துவிட்டால் ஆய்வு தானாக நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடக்காது. நாம் தனியாகக் கேட்க வேண்டும். சாதாரண வழிக்கு ஃபார்ம் 18, எங்களைப் போன்றவர்களுக்கு 4,000 ரூபாய். கேட்க முன்பு 48 மாதம் கெடு இருந்தது, 2024 மார்ச் விதித் திருத்தத்தில் அது 31 மாதமாகிவிட்டது. விட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடும். ஸ்டார்ட்அப்புக்கும் பெண் விண்ணப்பதாரருக்கும் இன்னும் சில வகையினருக்கும் விரைவு வழி இருக்கிறது. அதற்கு ஃபார்ம் 18ஏ, 8,000 ரூபாய். 18 மாதம் காத்திராமல் முன்கூட்டியே வெளியிடச் சொல்லும் ஃபார்ம் 9-க்கு 2,500. நாங்கள் இரண்டையும் கட்டினோம். சினிமாவில் கேமரா மாடல் மாறுகிற வேகத்துக்கு நிதானமாகக் காத்திருந்தால் காப்புரிமை வரும்போது கேமரா இருக்காது.

அப்புறம் எஃப்.இ.ஆர். வந்தது. முதல் ஆய்வறிக்கை. முதல் முறை பார்க்கிறவருக்கு அது வயிற்றைக் கலக்கும். புதுமை இல்லை, கண்டுபிடிப்புப் படி (தெரிந்ததைத் தாண்டிய முன்னேற்றம்) இல்லை, 3(கே) பிரிவின்படி காப்புரிமைக்குத் தகுதி இல்லை, கிளைமில் தெளிவில்லை, படக் குறியீட்டு எண்கள் இல்லை என்று வரிசையாக எழுதியிருக்கும். நண்பன் “முடிஞ்சுது” என்றே சொல்லிவிட்டான். மேடமோ, “இது நல்ல ரிப்போர்ட் சார், என்ன பிரச்சினைன்னு தெளிவாச் சொல்லியிருக்காங்க” என்றார். பதில் சொல்ல ஆறு மாதம். வேண்டுமானால் பணம் கட்டி மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

முன்னோடி ஆவணங்களை டி1, டி2 என்று குறிப்பார்கள். எங்கள் டி1 ஓர் அமெரிக்க விண்ணப்பம்: சார்ட்டை இரண்டு கேமராவில் எடுத்து லட் செய்வது. டி2, எல்.இ.டி. வெளிச்சத்தில் சென்சார் உணர்திறனை அளப்பது. இரண்டையும் சேர்த்தால் உங்களுடையதுதானே வருகிறது என்பது ஆய்வாளரின் வாதம். சும்மா சொல்லக் கூடாது, நியாயமான வாதம். உணர்திறனிலிருந்து நிற மாற்றத்தைக் கணக்கிடுவதை ஆஸ்கர் அகாடமியின் ஏசெஸ் என்ற நிற மேலாண்மை முறையின் ஆவணங்கள் எப்போதோ விவரித்துவிட்டன. 28 கேமராக்களின் உணர்திறனை அளந்து 2013-லேயே ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியாகியிருக்கிறது. நிறக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினால் நாங்கள் தோற்றிருப்போம்.

3(கே) வேறு மாதிரிக் கத்தி. கணித முறை, வணிக முறை, அல்காரிதம், கணினி நிரல் “அதன் அளவில்” கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அந்தப் பிரிவு. அந்த “அதன் அளவில்” என்ற சொற்களில்தான் எல்லா வழக்கும் ஓடுகிறது. 2016-ல் காப்புரிமை அலுவலகத்தின் வழிகாட்டுதல் புது வன்பொருள் வேண்டும் என்று கேட்டது, 2017-ல் அந்த நிபந்தனை போய்விட்டது. 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், நிரலை அடிப்படையாகக் கொண்டிருந்தாலும் தொழில்நுட்ப விளைவைக் காட்டினால் காப்புரிமைக்கு வழி உண்டு என்றது. அந்தத் தீர்ப்பைச் சுட்டாத பதிலே இப்போது இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் தீர்ப்பைச் சுட்டினால் மட்டும் காரியம் நடக்காது. எங்கள் விளைவு எது, அது எந்தப் பொருளில் நிகழ்கிறது என்று காட்ட வேண்டும். “படம் அழகாக இருக்கிறது” என்பதெல்லாம் விளைவில் சேராது.

மேடம் எங்கள் முதல் கிளைமை உடைத்தார். “ஒரு கேமராவின் படத்தை இன்னொரு கேமராவின் படம் போல் மாற்றும் முறை” என்று இருந்ததை, ஒளிப்பெட்டி, ஸ்பெக்ட்ரம் அளவி, கணிக்கும் பிரிவு, பதிவுக்கு முன்பே இரண்டாம் கேமராவின் எக்ஸ்போஷரை மாற்றும் கட்டுப்பாட்டுப் பிரிவு ஆகிய நான்கும் சேர்ந்த ஓர் அமைப்பாக மாற்றி எழுதினார். எங்களுக்குக் கொஞ்சம் கசந்தது. பரப்பு சுருங்குகிறதே. கேமரா உலகில் ஒரு கிளைமின் கனம் என்ன என்று தெரிய, கேமரா தயாரிக்கும் ரெட் நிறுவனத்தைப் பார்த்தால் போதும். கேமராவுக்குள்ளேயே ரா (பதப்படுத்தாத) வீடியோவைச் சுருக்குவது பற்றிய அவர்கள் காப்புரிமை, குறைந்தது 2கே (சுமார் 2,000 புள்ளி அகலம்), குறைந்தது நொடிக்குச் சுமார் 23 ஃபிரேம் என்று வரம்பு போட்டுத்தான் நிற்கிறது. 2019-ல் ஆப்பிள் எதிர்த்துப் பார்த்தும் அதை அசைக்க முடியவில்லை. வரம்பு போட்டதால் அது ஒன்றும் பலவீனமாகிவிடவில்லை.

எழுத்துப் பதிலுக்குப் பிறகு விசாரணை அறிவிப்பு வந்தது. இப்போதெல்லாம் விசாரணை வீடியோ அழைப்பில்தான். கிண்டி காப்புரிமை அலுவலகத்துக்கு நேரில் போகும் வேலை எங்களுக்கு நேரவில்லை. முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் ஆவணத்தை முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தார். சட்டம் பேசிய நேரம் குறைவு. அவர் கேட்ட முக்கியமான கேள்வி இதுதான்: “இதையெல்லாம் ஷூட் முடிச்ச பிறகு கம்ப்யூட்டர்லயே பண்ணிக்கலாமே? கேமராவை எதுக்குத் தொடணும்?”

மேடம் என்னைப் பார்த்தார். நான் நாய்ஸிலிருந்து ஆரம்பித்தேன். வெளிச்சம் ஃபோட்டான் ஃபோட்டானாக வருகிறது. அதில் இயல்பாகவே இருக்கும் ஏற்ற இறக்கம், வந்த ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். நான்கு மடங்கு வெளிச்சம் வாங்கினால் சிக்னல் நான்கு மடங்கு, நாய்ஸ் இரண்டு மடங்குதான். ஆக, நிழல் பகுதி சுத்தமாக இருக்குமா, கொசகொசவென்று இருக்குமா என்பது சென்சாரில் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதைப் பொறுத்தது. விழாத ஒளியைக் கம்ப்யூட்டரில் சேர்க்க முடியாது. நாய்ஸை வழித்தெடுக்கலாம், கூடவே புடவை ஜரிகையின் நுணுக்கமும் போய்விடும். அதனால் மேட்ச் பண்ணுகிற வேலையில் ஒரு பகுதி ரெக்கார்டு அழுத்தும் முன்பே நடந்தாக வேண்டும். “அது விவரத்தில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். பத்தி எண்ணைச் சொன்னோம். டி1-லும் டி2-லும் கேமராவைக் கட்டுப்படுத்துகிற பேச்சே இல்லை என்பதை மேடம் சேர்த்துச் சொன்னார். அட்டவணையில் அளந்த நிலைமைகள் பற்றி இரண்டு கேள்வி, இன்னொரு கிளைமைச் சார்ந்த கிளைம் ஒன்றில் “ஏறத்தாழ” என்ற சொல்லை எடுக்கச் சொன்னது, அவ்வளவோடு முடிந்தது.

விசாரணை முடிந்து 15 நாளுக்குள் எழுத்து மூல வாதத்தைக் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னதையெல்லாம் பத்தி எண்ணோடும் திருத்திய கிளைமோடும் கொடுத்தோம். மென்பொருளை மட்டும் தனியாகக் கோரிய கிளைம்களைக் கைவிட்டோம். நண்பனுக்கு அதில் இன்னும் வருத்தம்தான். எனக்கு அப்படி இல்லை. அவற்றைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் அறுந்திருக்கும் என்பது என் கணிப்பு. பிறகு காப்புரிமை வழங்கிய உத்தரவு வந்தது.

கைக்கு வந்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். சார்ட் வைத்து லட் செய்து விற்கிறவர் யாரையும் எங்களால் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஷூட் முடிந்த பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து நிறத்தை மட்டும் மாற்றுகிறவரும் எங்கள் வரம்புக்கு வெளியே. செட்டில் விளக்கை அளந்து, அதை வைத்து இரண்டாம் கேமராவின் செட்டிங்கை மாற்றி, அந்த வெளிச்சத்துக்கான நிற மாற்றத்தையும் சேர்த்துக் கொடுக்கிறவர்தான் எங்களோடு பேச வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம், புதுப்பிப்புக் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டிவந்தால். காப்புரிமையைப் பயன்படுத்துகிறோமா என்று தெரிவிக்கும் ஃபார்ம் 27 இப்போது மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். ஒளிப்பெட்டியை வாடகைக்கு விடுவதா, கேமரா வாடகைக் கம்பெனிகளுக்கு உரிமமாகக் கொடுப்பதா என்று நானும் நண்பனும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவனுக்கு உரிமம். எனக்கு வாடகைதான் சரியென்று படுகிறது, ஏனென்றால் பெட்டியில் எல்.இ.டி. மங்கிப்போனால் மறுபடி அளவுதிருத்தம் செய்ய அது எங்களிடம்தான் வர வேண்டும்.