பார்பியானாவுக்கு ஏறிப் போனது

மே 4, 2024. ஃப்ளாரன்ஸ்

இத்தாலி மொழி வகுப்பில் இன்று ஆசிரியை ஒரு புத்தகத்திலிருந்து நாலைந்து பக்கம் வாசிக்கக் கொடுத்தார். ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’. 1967 மே மாதம் வெளிவந்தது. எழுதியவர்கள் பார்பியானா என்ற மலைக் குக்கிராமத்துப் பள்ளியின் பையன்கள் எட்டுப் பேர். அரசுப் பள்ளியில் தங்களை ஃபெயிலாக்கிய ஆசிரியையிடம் நேருக்கு நேராகப் பேசுகிறார்கள்.

தொடக்கத்திலேயே ஒரு விஷயம் வருகிறது. மலையில் அவர்கள் படித்த பள்ளிக்கூடத்தில், பாடம் ஏறாத பையனுக்குத்தான் முதல் மரியாதை. மற்ற இடங்களில் முதல் ரேங்க் பையனை எப்படித் தாங்குவார்களோ, அப்படி அவனைத் தாங்கினார்களாம். அவனுக்குப் புரிகிறவரை மற்றவர்களும் அடுத்த பாடத்துக்குப் போகமாட்டார்கள்.

அதற்கு மேல் அந்தப் பக்கங்களை என்னால் வாசிக்க முடியவில்லை. ஒன்பதாவது முடிந்ததும் என் டி.சி.யை வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். கணக்கில் நான் மோசம். பத்தாவதில் நூறு சதவீதத் தேர்ச்சி என்னால் கெட்டுவிடுமாம். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பா தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அப்புறம் தனித்தேர்வராக எழுதித்தான் தேறினேன்.

மே 9

முழுப் புத்தகமும் வாங்கிவிட்டேன். அந்தப் பள்ளியை நடத்திய பாதிரியாரைப் பற்றியும் சேர்த்துப் படிக்கிறேன்.

லொரென்சோ மிலானி. 1923இல் இதே ஃப்ளாரன்ஸில், வசதியும் படிப்பும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். 1947இல் குருப்பட்டம் பெற்றார். முதலில் இருந்த சான் டொனாட்டோவில் தொழிலாளிகளுக்கும் குடியானவர்களுக்கும் இரவுப் பள்ளி நடத்தினார். கம்யூனிஸ்ட் வீட்டுப் பையன்களும் தயங்காமல் வரட்டும் என்று வகுப்பறையிலிருந்த சிலுவையைக் கழற்றிவிட்டார். மேலிடம் சும்மா இருக்குமா? 1954 டிசம்பரில் பார்பியானாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ரோடு இல்லை, கரண்ட் இல்லை. தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்போமே, அதேதான்.

அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அங்கிருந்த சின்னக் கல்லறைத் தோட்டத்தில் தனக்கு ஓர் இடம் வாங்கியது. வந்தவர் போகப்போவதில்லை என்று ஊருக்குப் புரிந்திருக்கும்.

மே 18

விக்கியோ வரை ரயில். அங்கிருந்து நடை. மலைக்கு ஏறும் வழியில் இத்தாலிய அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவுகளை, பள்ளிப் பிள்ளைகள் வரைந்த படங்களோடு பலகைகளில் வைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்கும்போதெல்லாம் ஒரு பலகை முன்னால் நின்றேன்.

உச்சியில் ஒரு கோயில், ஒட்டினாற்போல் பாதிரியார் வீடு, நாலு மரம். அவ்வளவுதான் பார்பியானா. வகுப்பறை என்பது அந்த வீட்டின் ஓர் அறை. ஆசிரியருக்குத் தனி மேசை, கரும்பலகை, பெஞ்சு எதுவும் கிடையாது. பெரிய மேசைகளைச் சுற்றி உட்கார்ந்துதான் படிப்பு, சாப்பாடும் அங்கேயே. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே பிரதி. பையன்கள் நெருக்கியடித்துக்கொண்டு படிப்பார்கள். அதில் ஒருவன் சற்றுப் பெரியவன், அவன்தான் வாத்தியார். தினமும் செய்தித்தாளை வரிவிடாமல் வாசித்தார்கள்.

சுவரில் ஆங்கிலத்தில் ‘ஐ கேர்’ என்று எழுதியிருக்கிறது. எனக்கு அக்கறை உண்டு என்று அர்த்தம். முசோலினி ஆட்கள் ‘எனக்கென்ன’ என்று மார்தட்டித் திரிந்த நாட்டில், அதற்கு நேர் எதிரான சொல்லாக இதை வைத்தார்களாம்.

வெளியே ஒரு சின்ன நீச்சல் தொட்டி. மலைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் பயம். அந்தப் பயம் போக அவர்களே வெட்டிக் கட்டியது. அதன் விளிம்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. வருஷத்தில் 365 நாளும் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை உட்பட. விளையாட்டு இடைவேளைகூட இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இது அதிகம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் வீட்டில் 36 மாடு இருந்த ஒரு பையன், சாணிக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவோ தேவலை என்று சொன்னதாகப் புத்தகத்தில் இருக்கிறது. அவனிடம் போய் நான் என்ன வாதாட முடியும்?

மே 19

எட்டுப் பேர் சேர்ந்து எழுதுவது எப்படி என்று அவர்களே விவரித்திருக்கிறார்கள். தோன்றுவதையெல்லாம் துண்டுத்தாளில் குறித்துவைப்பது. ஒரு தாளில் ஒரு கருத்துதான், ஒரு பக்கம்தான். ஒருநாள் எல்லாத் தாளையும் பெரிய மேசையில் பரப்பி, ஒன்றுபோல் இருப்பதை எடுத்துவிட்டு, உறவுள்ளவற்றைக் கட்டுக்கட்டாக அடுக்குவது. அந்தக் கட்டுகள்தான் அத்தியாயம். அப்புறம் நீளமான வாக்கியம், கடினமான சொல், பொய் என்று தேடித் தேடி நீக்குவது.

இதோடு அரசாங்கப் புள்ளிவிவரங்களையும் எடுத்து வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1962இல் சட்டம் வந்து, 14 வயது வரை எல்லாருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளி என்றாகியிருந்த காலம். ஆனாலும் ஃபெயிலாகி நின்றுபோன பிள்ளைகள் பெரும்பாலும் குடியானவர், தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். டாக்டர் மகன் நல்ல மொழியை வீட்டிலேயே கற்றுக்கொண்டு வருகிறான். இவனுக்குப் பேச்சே தடை. தேறமாட்டார்கள் என்று துரத்தப்பட்ட பையன்கள் கணக்குப் போட்டே இதை நிறுவினார்கள் என்பதுதான் எனக்கு மிகப் பெரிய விஷயம்.

மே 26

மிலானிக்கு நிணநீர்ப் புற்றுநோய். பையன்கள் எழுதும்போதே அவர் உடம்பு ஒடுங்கிக்கொண்டிருந்தது. புத்தகம் வந்த மறுமாதம், 1967 ஜூன் 26இல், ஃப்ளாரன்ஸில் அம்மா வீட்டில் இறந்தார். வயது 44. குருவின் அங்கியோடும் மலையேறும் பூட்ஸோடும் பார்பியானாவில் அடக்கம் செய்தார்கள். அவருக்குப் பின் பள்ளி வெகுநாள் நடக்கவில்லை. அவரோடு அந்த வீட்டிலேயே வளர்ந்த மிக்கேலே ஜெசுவால்தி தொழிற்சங்கத் தலைவராகி, 1995 முதல் 2004 வரை ஃப்ளாரன்ஸ் மாகாணத்தின் தலைவராகவும் இருந்தார்.

ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “புரியாத பையனுக்காக மத்த பசங்க காத்திருந்தாங்களா?” என்றார்.

“ஆமாப்பா.”

அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். முதலிலிருந்து சொன்னேன்.