பால் ஊத்துற நேரத்தில் போன் அடிக்காதீர்கள்

ஜெர்மனிக்குப் புதிதாகப் போன கொங்குப் பிள்ளைகள் வேலை முடிந்து சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்குப் போன் போடுவார்கள். குளிர்காலத்தில் நேர வித்தியாசம் நாலரை மணி நேரம். கோபிசெட்டிபாளையத்தில் அப்போது இரவு 11; தோட்டத்து வீட்டில் ஒன்பதுக்கே விளக்கு அணைந்திருக்கும். மத்தியான இடைவேளையில் பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டால் ஊரில் மணி ஐந்து, அம்மா பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தப் போகும் நேரம். "அப்பறம் பேசறஞ் சாமி" என்று வைத்துவிடுவார். அந்த அப்பறம் நாலு நாளானதும் இரண்டு பக்கமும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

அங்கே காலை 7 மணிதான் தோதான நேரம். ஊரில் பதினொன்றரை, காட்டு வேலை முடித்து அம்மா நிழலுக்கு வந்திருப்பார். மார்ச் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை மாற்றினதும் வித்தியாசம் மூன்றரையாகும். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பத்தரைக்கு அடித்த போன் திண்ணையில் கிடந்து ஓயும், அவர் களை வெட்டிக்கொண்டிருப்பார். அக்டோபர் கடைசி ஞாயிறு பழையபடி திரும்பும்.

பேச்சு நேரம் சரியானாலும் உறுத்தல் முழுசாகப் போகாது. ஊரில் நாம் செய்ய வேண்டியதை வேறு யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் பாதி உறுத்தல். அதைப் பாவமாக நினைத்துப் புழுங்குவதைவிடக் கடனாக நினைப்பது நல்லது. கடனைத் தீர்க்க நம்ம ஊரில் வழி இருக்கிறது.

அப்பாவை மாதம் ஒருமுறை ஈரோட்டுக்குச் சர்க்கரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவது பெரியப்பா மகன், இல்லையென்றால் கூடப் படித்த சிநேகிதன். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவனுக்கு ஒரு நாள் போனால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும். அவனுக்குப் பெட்ரோலுக்கு என்று இரண்டாயிரம் அனுப்பினால் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆஸ்பத்திரி, மருந்துச் செலவு வேறு. அதை அன்றைக்கே நாமே நேராகக் கட்ட வேண்டும். ஊரில் இருந்த சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றி, இந்திய நம்பரை ரீசார்ஜ் செய்து வைத்திருந்தால் ஓ.டி.பி. வரும். நம்பர் செத்துப்போனால் அவன் கைக்காசைப் போடுவான், திருப்பிக் கேட்கவும் மாட்டான்.

அவன் பட்ட பாட்டுக்கு மொறைதான் ஈடு. அவன் மகளுக்குக் காதுகுத்து என்றால் அம்மா கையால் மொய் போகட்டும், ஆனால் நோட்டில் நம் பேர் தனியாக ஏற வேண்டும். லீவில் போகும்போது வீட்டு மொய் நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாருங்கள். அவர்கள் எழுதியதைவிடக் கொஞ்சம் எச்சாக (கூடுதலாக) எழுதத் தெரிய வேண்டுமே. ஊர் சேர்ந்த இரண்டு நாளுக்குள் அவன் வீட்டில் ஒரு வாய் உண்டுவிட்டு வாருங்கள். கிளம்புகிற அன்றைக்கு வாசலில் நின்றபடி சாக்லேட் டப்பாவை நீட்டுவது யாருக்கும் இனிக்காது.

தம்பி கல்யாணத்துக்கு வர முடியாத அக்காக்களுக்கு, மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் நின்று செய்யும் இணைச்சீர் பெரிய வருத்தம். பெரியப்பா, சித்தப்பா மகள் யாராவது அந்த இடத்தில் நிற்கலாம். கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள். நின்றவளுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

எழவுச் சேதிதான் கடினம். ஜெர்மனியிலிருந்து கோயம்புத்தூருக்கு நேர் விமானம் கிடையாது. பொள்ளாச்சிக்காரர்கள் கொச்சியிலும் சத்தியமங்கலத்துக்காரர்கள் பெங்களூரிலும் இறங்கிக் காரில் போவது பெரும்பாலும் சீக்கிரம். அப்படியும் சேதி கேட்டு வாசல் சேர ஒரு நாளுக்குக் குறையாது. அதுவரை ஐஸ் பெட்டியும் உறம்பரையும் (சொந்தபந்தமும்) காத்திருக்கும். "இத்தன மணி வரைக்கும் பாருங்க, அதுக்கு மேல எனக்காக வெச்சிருக்க வேண்டாம்" என்று பெரியவர்கள் தெம்பாக இருக்கும்போதே பங்காளியிடம் சொல்லிவிட வேண்டும். வாய் வராதுதான். சொல்லாமல் விட்டால் அந்த முடிவைச் சித்தப்பா அழுதுகொண்டே எடுப்பார். அப்புறம் இரண்டு பேருக்கும் ஆயுசுக்கும் அது நிற்கும்.

சில சமயம் போகவே முடியாமல் தடுப்பது காகிதம். பாஸ்போர்ட் முடிய ஒரு வருசம் இருக்கும்போதே புதுப்பிக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். குடியிருப்பு அட்டை புதுப்பிப்பில் இருந்தால், கையில் தருகிற தற்காலிகச் சான்றில் ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு குறித்திருக்க வேண்டும். 3ஆம் உட்பிரிவு என்றால் அதை வைத்துத் திரும்ப உள்ளே வர முடியாது. அப்பாவுக்கு முடியாமல் கூடவே தங்குகிறவர்கள் கவனிக்க: பொதுவாக 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அட்டை காலாவதியாகும், ஐரோப்பிய ஒன்றிய நீல அட்டைக்கு (புளூ கார்டு) 12 மாதம்.

தோட்டத்தைப் பார்க்க ஆளில்லையே என்ற வேதனையில் விற்றுவிடாதீர்கள். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம், வைத்திருக்கலாம், வாங்க முடியாது. விற்றபின் மனசு மாறினால் வழியில்லை. குத்தகைக்கு விட்டு எழுதி வாங்குங்கள். பவர் பத்திரம் கொடுப்பதானால் குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் கொடுத்து, தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, ஊருக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம், வருசம் ஒருமுறை பாருங்கள்.

கடைசியில் அம்மச்சியின் நெய். பால் பொருள்களை இந்தியாவிலிருந்து கையோடு கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. விமான நிலையத்தில் பறிபோகும். வெறுமனே வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். அதற்குப் பதில் கொள்ளுப்பொடியும் செலவுப்பொடியும் (மசாலாப் பொடி) அரைத்துத் தரச் சொல்லுங்கள், அரிசிம்பருப்புச் சாதத்துக்கு அளவும் கேளுங்கள். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்று டம்ளர் தண்ணி என்பார். அங்கே கடையில் கிடைக்கும் பாசுமதிக்கு அது எச்சு, குழைந்துவிடும். அரை டம்ளர் குறைத்துக்கொள்ளுங்கள்.