ஊட்டிக் குளிரும் ஒரு காய்கறி லாரியும்

தை மாத முகூர்த்தம் குறிப்பவர்கள் யாரும் ஊட்டியில் ஒரு ராத்திரிகூடத் தங்கியிருக்க மாட்டார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம். காரமடையில் அத்தை மகனுக்குக் கல்யாணம், காலை ஆறு முதல் ஏழரைக்குள். பஸ்ஸை நம்பினால் பந்திக்குத்தான் போய்ச் சேரலாம். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை, அத்தைக்கு உண்டு. எங்கள் தெருமுனையில் நிற்கும் காய்கறி லாரி விடியுமுன் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும். டிரைவர் அண்ணனைக் கேட்டேன். "மூன்றரைக்கு வந்துடு தம்பி, ஏறி உட்கார்ந்ததும் கிளம்பிடலாம்" என்றார்.

ஏறி உட்கார்ந்தது மட்டும் நடந்தது.

புல்லெல்லாம் வெள்ளை வெளேர் என்று உறைபனி. கிளீனர் பையன் முன்கண்ணாடியில் படிந்திருந்ததைக் காலாவதியான ஏ.டி.எம். கார்டால் சுரண்டிக்கொண்டிருந்தான். டிரைவர் ஊதுபத்தி கொளுத்தி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு, சாவியைத் திருப்பினார். 'ர்ர்ர்... ர்ர்... ர்...' அவ்வளவுதான். செல்ஃப் மோட்டாரும் என்னைப் போலவே அந்நேரத்தில் எழ விரும்பவில்லை.

பாவம், அதைக் குறை சொல்லவும் முடியாது. டீசல் என்ஜினில் தீப்பொறி போட பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அமுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற இரும்பு அந்தச் சூட்டைப் பாதியிலேயே உறிஞ்சிவிடும். ஆயில் கெட்டியாகிவிடுவதால் என்ஜினைச் சுற்றவே பேட்டரிக்குக் கூடுதல் தெம்பு வேண்டும், அதுவும் குளிரில் சுருண்டு கிடக்கும். போதாக்குறைக்கு ஊட்டி 2,240 மீட்டர் உயரம். சமவெளியில் இருக்கும் காற்றில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் இங்கே. அமுக்குவதற்கே காற்று குறைவு.

ஒருவழியாகப் பற்றியது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு யாரோ ஆத்திரத்தோடு குலுக்குவது மாதிரி 'கடகடகட'. குளிரில் டீசல் உடனே பற்றாமல் கொஞ்சம் சேர்ந்து, பிறகு மொத்தமாக வெடிப்பதால் வரும் சத்தம் அது. பின்னால் வெள்ளைப் புகை தெருவையே மூடியது. எரியாமல் ஆவியாகப் போகும் டீசல், கண்ணைக் கரிக்கும். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ரிட்டயர்டு வாத்தியார் தலை தெரிந்தது. தலை எதுவும் சொல்லவில்லை, இருமிவிட்டு உள்ளே போனது.

"போலாமாண்ணே?"

"ஏர் ஏறணும் தம்பி."

ஏர் பிரேக் வண்டி. டேங்கில் காற்று நிரம்பாமல் பிரேக் விடுபடாது. அதுவரை டேஷ்போர்டில் ஒரு பஸ்ஸர் 'கீ...' என்று கத்திக்கொண்டே இருக்கும். காற்று அளவு காட்டும் முள் மேலே போவதைக் கண்கொட்டாமல் பார்த்தேன். என் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. பஸ்ஸர் நின்றது. லாரி மட்டும் நகரவில்லை.

"ஏர் ஏறிடுச்சேண்ணே?"

"வண்டி சூடாகணும்ல."

சும்மா நிற்கும் டீசல் என்ஜின் லேசில் சூடாகாது. ஐடிலில் அது குடிக்கும் டீசலே கொஞ்சம், அதில் எவ்வளவு சூடு வரும்? ஆயில் ஏற ஓரிரு நிமிஷம் விட்டு, ரேஸ் பண்ணாமல் மெதுவாக ஓட்டினாலே போதும். இதை நான் பணிவாக எடுத்துச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் ஆப்பிள் லோடுக்குக் காஷ்மீர் போனவன்" என்றார். அதற்கப்புறம் நான் என்ன பேச?

கதை தொடங்கியது. அங்கே குளிரில் டீசலுக்குள்ளேயே மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடுமாம், டேங்குக்கு அடியில் தீ மூட்டிச் சூடு காட்டுவார்களாம். கேட்க பயங்கரமாக இருந்தாலும் மெழுகு விஷயம் நிஜம். அதற்காகவே 2019 நவம்பரில் லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் கொண்டுவந்தது. அதைச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் கதையில் பனிச்சரிவு வந்துவிட்டது. அத்தையின் மிஸ்டு கால்கள் வந்துகொண்டிருந்தன.

கதை முடிந்தபோது டெம்பரேச்சர் முள் லேசாக அசைந்திருந்தது. "பாத்தியா?" என்று பெருமையாகக் கியர் போட்டார். கூழாங்கல் சத்தம் அடங்கி, வண்டி சீராக உறுமியது. அருவங்காடு தாண்டி, குன்னூருக்குக் கீழே மலை இறக்கம் தொடங்கியது. இறக்கத்தில் வண்டியைக் கியர்தான் பிடித்து நிறுத்தும், ஆக்சிலேட்டருக்கு வேலையே இல்லை. டீசல் எரியாவிட்டால் சூடு எங்கிருந்து வரும்? அரை மணி நேரம் ஊரை எழுப்பி ஏற்றிய முள், கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணெதிரே மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

நான் முள்ளைப் பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். கிளீனர் பையன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"இதுக்காண்ணே அவ்வளவு நேரம் சூடாக்குனோம்?"

பர்லியாறு வரை பதில் இல்லை. கல்லாறு வந்து நான் குரங்குக் குல்லாவைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தார். "திரும்பி ஏறும்போது உர மூட்டை லோடு இருக்கும். அப்ப வந்து பாரு, பர்லியாறுல நிறுத்தி, ஆறவெச்சுத் தண்ணி ஊத்துனாத்தான் ஏறும்."

தாலி கட்டும் நேரத்துக்குச் சரியாகப் போய்விட்டேன். அத்தை ஆசையாக அருகில் வந்தார், மூக்கைச் சுளித்தார், ஃபோட்டோவுக்குக் கடைசி வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார்.