இலையில்லாத தண்டு

இன்று காலை பால்கனிக்குப் போனால் டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டில் மூன்றாவது மொட்டும் விரிந்திருக்கிறது. நல்ல ஊதா. இத்தனைக்கும் பூத்திருப்பது பச்சைத் தண்டில் இல்லை. ஓர் இலைகூட இல்லாமல் சுக்கு மாதிரி சுருங்கி நிற்கிற பழைய தண்டின் நுனியில்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி நின்ற இரண்டு தண்டுகளைச் செத்துப்போயிற்று என்று அடியோடு நறுக்கிவிட்டேன். அடுத்து வந்த குருத்து விரல் நீளத்துக்கு மேல் வளரவில்லை. மூன்றாவதிலும் கத்தரிக்கோலை வைத்தபோது அம்மாதான் கையைப் பிடித்தாள். "இருடி, முருங்கைக்கொம்பைப் பார்க்கிற மாதிரி பாரு" என்று நகத்தால் லேசாகக் கீறினாள். உள்ளே பச்சை! தண்ணீரையும் மாவுச்சத்தையும் செடி சேமித்துவைப்பது அந்தத் தண்டில்தான். இலை உதிர்ந்த பிறகும் புதுக் குருத்துக்குச் சோறு போடுவது அதுதான். மஞ்சளாகி, உள்ளே சக்கையாகிவிட்டால் மட்டுமே இப்போது வெட்டுகிறேன்.

ஏற்காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு நிற்கும் காட்டு ஆர்க்கிட்களைப் பார்த்த பிறகு தொட்டியில் மண்ணே போடுவதில்லை. பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்தொட்டி, உடைத்த ஓட்டுச்சில்லு, தெருமுனை இஸ்திரிக்காரரிடம் வாங்கும் அடுப்புக்கரி, அவ்வளவுதான். முதலில் தேங்காய் மட்டைதான் வைத்திருந்தேன். ஐப்பசி மழையில் அது ஊறிக்கொண்டே இருந்து இரண்டு செடிக்கு வேர் அழுகிவிட்டது. சென்னையில் அடைமழை நாட்களில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்தியே ஆக வேண்டும்.

தண்ணீர் எப்போது ஊற்றுவது என்று கேட்பவர்களிடம் வேரைப் பார்க்கத்தான் சொல்வேன். வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஓர் உறை உண்டு. காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. வெள்ளியானதும் ஊற்றுங்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு, தொட்டியெல்லாம் வெள்ளை பூத்துவிடும். அதனால் பிடித்துவைத்த மழைநீர், வெயில் காலத்தில் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர்.

ஃபலனாப்சிஸ் என்ற இன்னொரு வகை ஆர்க்கிட் என்னை அழவே வைத்தது. பூவோடு வாங்கி வந்தது, பிறகு இரண்டு வருஷம் வெறும் இலைதான். பூத்தண்டு கிளம்ப அதற்குச் சில வாரமாவது 25 டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவுகள் வேண்டுமாம். சென்னையில் அந்தக் குளிர் நன்றாகக் கிடைப்பது மார்கழியிலும் தையிலும். ஹாலில் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை மார்கழி முழுக்கப் பால்கனியில் விட்டேன். தை பாதியில், இலைக்கடியில் கையுறை விரல் மாதிரி ஒரு பச்சை முனை. வேரா பூத்தண்டா என்று பத்து நாள் தினம் டார்ச் அடித்துப் பார்த்தேன். பூத்தண்டேதான்! பங்குனிக் கடைசியில் ஏழு பூ. ஆடி வரை நின்றது.

டென்ட்ரோபியத்தைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். அம்மா உடனே கூப்பிட்டு, "அந்தக் கீறின தண்டா?" என்றாள். அதேதான். பூத்த இடத்துக்குக் கீழே இன்னொரு கணுவும் புடைத்திருக்கிறது.