‘ரிசர்வ்’ என்று ஆணை வந்தவர்களுக்கு

தேர்தல் பணி ஆணையில் ‘ரிசர்வ்’, அதாவது தேவைப்பட்டால் அனுப்பப்படும் மாற்று ஆள் என்று இருந்தால் வேலை இருக்காது என்ற எண்ணத்தில் பலர் பயிற்சி வகுப்பைச் சரியாகக் கவனிப்பதில்லை. ஆனால் வாக்குச்சாவடி ஒதுக்கப்பட்டவரைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டியது ரிசர்வில் இருப்பவர்தான். எந்த நாற்காலி காலியோ அதில் உட்கார வேண்டும், சில சமயம் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே.

முதலில் உங்கள் ஓட்டு. சொந்தத் தொகுதிக்குள் பணி என்றால் படிவம் 12ஏ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்று (பணி பார்க்கும் சாவடியிலேயே வாக்களிக்க). வேறு தொகுதி என்றால் படிவம் 12 கொடுத்துத் தபால் வாக்கு. பாகம் எண், வரிசை எண் இரண்டையும் வாக்காளர் பட்டியலில் பார்த்து எழுதுங்கள். பயிற்சி நாளிலேயே கொடுத்துவிடுவது நல்லது. வாக்குப்பதிவு நாளில் இதற்காக அலைய நேரம் கிடைக்காது.

மாற்று ஆள் தேடுவது முந்தைய நாள் பொருட்கள் விநியோகத்தின்போதே தொடங்கிவிடும். அதனால் மாற்று உடை, மாத்திரை, போர்வை, சார்ஜர் எல்லாம் கையோடு இருக்கட்டும். சாவடி எண் எழுதிய ஆணை இல்லாமல் வண்டி ஏறாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் சாவடியின் தலைமை அலுவலரிடம் ஆணையைக் காட்டி, நீங்கள் வந்த நேரத்தை நாட்குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

பி1 (முதல் வாக்குப்பதிவு அலுவலர்) இடம் என்றால், வாக்களிக்க வருபவர்களைக் குறிக்கும் வாக்காளர் பட்டியலில் வந்த எல்லாருக்கும் சிவப்பு அடிக்கோடு, பெண்களுக்கு அதோடு ஒரு டிக். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆண், பெண் எண்ணிக்கை கேட்பார்கள் என்பதால் இதில் விட்டுப்போனால் பிறகு குழப்பம்தான். பி2 (இரண்டாம் அலுவலர்) இடத்தில் 17ஏ எனப்படும் வாக்காளர் பதிவேடு, கையொப்பம், அழியா மை, வாக்காளர் சீட்டு. இடது ஆள்காட்டி விரலில் நக நுனியிலிருந்து முதல் கணு வரை மை வைக்க வேண்டும். மைக்குப்பி சாயாமலிருக்க மணல் போட்ட கிண்ணத்தில் நிறுத்திவையுங்கள். கொட்டினால் பதிவேடே பாழாகிவிடும்.

எங்களைப் பொறுத்தவரை நடுவில் போய் உட்காரக் கஷ்டமான இடம் பி3, அதாவது கட்டுப்பாட்டுக் கருவியை இயக்கும் மூன்றாம் அலுவலர். ஒருவர் வாக்களிக்க அனுமதி தரும் பேலட் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். கருவியின் ‘பிஸி’ விளக்கு அணைந்திருக்கும்போது, பதிவான வாக்குகளின் எண்ணிக்கையைக் காட்டும் ‘டோட்டல்’ பட்டனை அழுத்திப் பார்த்து, 17ஏ-வின் கடைசி வரிசை எண்ணோடு ஒப்பிடுங்கள். பதிவேட்டில் 412, கருவியில் 409 என்றால் சீட்டோடு நிற்பவர்கள் சரியாக மூன்று பேர் இருக்க வேண்டும். கையொப்பம் போட்டபின் வாக்களிக்க மறுத்தவர் இருந்தால் அவரையும் கணக்கில் சேர்க்கவேண்டும். 17ஏ-வில் அவர் பெயருக்கு நேரே குறிப்பு இருக்கும். அப்படியும் கணக்கு இடித்தால் தலைமை அலுவலர் எழுதிவைத்த பிறகே உட்காருங்கள். இல்லாவிட்டால் மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கான 17சி படிவத்தை நிரப்பும்போது உங்கள் தலையில் விழும்.

சீட்டுகளை 17ஏ வரிசைப்படியே வாங்கி உள்ளே அனுப்புங்கள். நீங்கள் பேலட் கொடுத்தபின் ஒருவர் வாக்களிக்காமல் வெளியே வந்துவிட்டால் ‘பிஸி’ விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். பதறி மறுபடி அழுத்த வேண்டாம். அடுத்தவரை நேராக உள்ளே அனுப்பலாம், அதே அனுமதியில் அவர் வாக்கு பதிவாகும். முந்தையவர் பற்றிய குறிப்பு 17ஏ-வில் ஏறியதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள்.

தலைமை அலுவலராகவே அனுப்பப்பட்டால் இயந்திரக் கோளாறு விதியைக் கட்டாயம் தெரிந்துவைத்திருங்கள். விவிபேட் (வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) மட்டும் பழுது என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும், மாதிரி வாக்குப்பதிவு வேண்டாம். கட்டுப்பாட்டுக் கருவியோ வாக்குப்பதிவுக் கருவியோ பழுதானால் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நோட்டா உட்பட ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாக்கு போட்டுப் பார்த்து, அதை அழித்து, விவிபேட்டில் விழுந்த சீட்டுகளையும் எடுத்துவிட வேண்டும். கேபிளைக் கழற்றுவதற்கு முன் கட்டுப்பாட்டுக் கருவியின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். அவசரத்தில் அதிகம் மறப்பது இதைத்தான்.

சாவடிக்கு அனுப்பப்படாதவர்கள் விடுவிப்பு சொல்லும்வரை காத்திருக்கும் மையத்தை விட்டுக் கிளம்பக்கூடாது. அனுப்பப்பட்டவர்கள் முத்திரையிட்ட இயந்திரம் மண்டல அலுவலர் வண்டியில் ஏறும்வரை சாவடி ஆட்கள்தான். மதிப்பூதியப் பட்டியலில் கையெழுத்திடும் முன், பார்த்த பதவியில் பெயர் இருக்கிறதா, இன்னும் ரிசர்வ் என்றே கிடக்கிறதா என்று பாருங்கள்.