கொடுமணல் பெட்டியின் கீழ்த்தட்டு

மாசி 3 (பிப்ரவரி 15)

தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வெளியூர்க்காரர்கள் கோட்டை விடுவது இதில்தான்.

கொடுமணல் ஈரோடு மாவட்டத்தில் அகழாய்வு நடந்த பழைய ஊர். அங்கே கிடைத்த பொருள் வைத்த கண்ணாடிப் பெட்டி என்றால் எல்லார் கண்ணும் சூதுபவள (செந்நிறக் கல்) மணிகளுக்கே போகும். கொஞ்சம் குனிந்து கீழே பாருங்கள்: உடைந்த மணி, பாதி துளைத்த படிகம், கற்சில்லு. முழு மணி எங்கிருந்தும் வந்திருக்கலாம். உடைந்ததை யார் காசு கொடுத்து வாங்கி வருவார்? கொடுமணலில் மணி செய்யும் பட்டறை இருந்தது என்பதற்குச் சாட்சி அந்தக் குப்பைதான். பெரில் என்னும் நீலப்பச்சைக் கல் பக்கத்துப் படியூரில் கிடைத்தது, படிகமும் அந்த வட்டாரத்திலேயே. சூதுபவளக் கல் குஜராத்திலிருந்து வர வேண்டும்.

மணி அதிகம் உடைவது துளையிடும்போது. ஒரே பக்கமாகக் குடைந்தால் மறுமுனையில் கல் பிய்த்துக்கொண்டு போகும். அதனால் இரு முனையிலிருந்தும் குடைந்து நடுவில் சேர்ப்பார்கள். குறி தப்பினால் துளைக்குள் ஒரு படி விழும். தெளிந்த படிக மணியில் அது வெளியிலிருந்தே தெரியும்.

மாசி 4 (பிப்ரவரி 16)

கருப்பு-சிவப்புப் பானைக்கு இரண்டு வண்ணம் பூசவில்லை. சூளையில் கவிழ்த்து வைத்தால் உட்புறத்துக்கும் விளிம்புக்கும் காற்று போகாமல் கருக்கும், வெளிப்புறம் காற்றுப்பட்டுச் சிவக்கும். இடையில் காற்றுப் புகுந்தால் கருப்பு திட்டுத்திட்டாகிவிடும்.

பானை ஓட்டில் எழுத்து இருந்தால் கோட்டின் ஓரத்தைப் பாருங்கள். ஈரமண்ணில் கீறியதென்றால் ஓரம் வரப்பு மாதிரி மேலெழும்பியிருக்கும். சுட்ட பிறகு கீறியதென்றால் ஓரம் சில்லுசில்லாகப் பெயர்ந்திருக்கும். நேர் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் போட்டால் கண்ணாடிதான் பதியும். ழ, ள, ற, ன கண்ணில் பட்டால் அது தமிழுக்கென்று அமைந்த பிராமி என்னும் பழைய எழுத்து.

மாசி 7 (பிப்ரவரி 19)

கொடுமணல் சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கி.மீ., நொய்யலின் வடகரை. பேரூரிலிருந்து கரூர் போகும் பழைய வணிக வழி இது. வாழ்விடம் ஒருபுறம், ஈமக்காடு (இறந்தவர்களைப் புதைத்த இடம்) ஒருபுறம். கல்வட்டத்துக்கு நடுவே பலகைக்கற்களால் கட்டிய பதுக்கை, அதாவது கல்லறை. ஒரு பலகையில் இடுதுளை என்னும் ஓட்டை விட்டிருப்பார்கள். இவற்றைப் பாண்டியன் குழி என்பது இந்தப் பக்கத்து வழக்கு. இங்கே ஒரே ஈமக்குழியில் 2,000-க்கு மேல் சூதுபவள மணிகள் கிடைத்தன.

இரும்பு உருக்கும்போது மிஞ்சிய கசடை வெறும் கருங்கல் என்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு. கசடில் குமிழித் துளைகள் இருக்கும், உருகி வழிந்த தடம் இருக்கும். பார்த்தால் போதும், பைக்குள் போட வேண்டாம். இடம் மாறிய கசடு உலை எங்கே இருந்தது என்று சொல்லாது.