ஃபிளெக்ஸ்பாக்ஸுக்குள் அப்சலூட்: செய்முறைத் தேர்வுக்கு ஆயத்தமாவோருக்கு

கோலாலம்பூரில் டிப்ளோமா படித்தபோது, வலைப்பக்க வடிவமைப்புச் செய்முறைத் தேர்வில் ஒரே ஒரு சிறு பட்டைதான் என் மதிப்பெண்ணைக் குறைத்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு உணவுப்பட்டியல் அமைக்கும் கேள்வி அது. ஒவ்வோர் அட்டையின் வலது மேல்மூலையிலும் ‘தீர்ந்துவிட்டது’ என்ற பட்டை நிற்க வேண்டும். படமும் விலையும் நடுவில் அமைவதற்காக, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் CSS மொழியில், அட்டைக்கு ஃபிளெக்ஸும் (உள்ளிருக்கும் உறுப்புகளை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸ் முறை), அவற்றைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் சீரமைக்கும் ஜஸ்டிஃபை-கன்டென்ட், அலைன்-ஐட்டம்ஸ் இரண்டிலும் சென்டரும் கொடுத்திருந்தேன். பட்டைக்கு அப்சலூட் (உறுப்பை வரிசையிலிருந்து விலக்கித் தனியே நிறுத்தும் நிலை) எழுதியதும் அது படத்தின்மேல் நடுவே வந்து நின்றது. மேல், வலது விளிம்புகளிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லும் டாப், ரைட் இரண்டையும் 0 ஆக்கியபோதோ, அட்டையை விட்டே வெளியேறிப் பக்கத்தின் மூலைக்குப் போய்விட்டது.

இரண்டாவது பிழையின் காரணம் எளிது: ஃபிளெக்ஸ் என்பதாலேயே அட்டை அந்தத் தூரங்களை அளப்பதற்குரிய பெட்டியாகிவிடாது, அதற்கு அட்டையின் பொசிஷனை ரிலேட்டிவ் ஆக்க வேண்டும். முதலாவதுதான் நிதானமாகப் படிக்க வேண்டியது. அப்சலூட் ஆன உறுப்பு இடப் பங்கீட்டிலிருந்து விலகிவிடுகிறது. ஃபிளெக்ஸ்-குரோ அதை நீட்டாது, கேப் அதற்கென இடைவெளி விடாது, மற்ற உறுப்புகள் அது இல்லாததுபோலவே அடுக்கப்படும். ஆனால் டாப், லெஃப்ட் முதலியவற்றைக் குறிப்பிடாமல் விட்டால், அதைத் தாங்கும் கொள்கலனில் (இங்கே அட்டையில்) அது ஒன்று மட்டுமே இருந்திருந்தால் எங்கே நின்றிருக்குமோ அங்கேயே உலாவி அதை வைக்கிறது. ஆகவே சென்டர் அதையும் நடுவுக்குக் கொண்டுவருகிறது. ஜஸ்டிஃபை-கன்டென்ட்டில் சென்டருக்குப் பதிலாகத் தரக்கூடிய ஸ்பேஸ்-பிட்வீன் தொடக்கத்திலும், ஸ்பேஸ்-அரவுண்ட் நடுவிலும் நிறுத்துகின்றன. டாப் மட்டும் கொடுத்தால், கிடைமட்டத்தில் பழைய சீரமைப்பே தொடரும். குரோம் உலாவி 2016இல், 52ஆம் பதிப்பில்தான் இந்தக் கணக்கீட்டுக்கு மாறியது என்பதால், அதற்கு முந்தைய குறிப்புகளைக் கொண்டு படிக்காதீர்கள்.

பேடிங்கையும் (பெட்டியின் எல்லைக்கோடான பார்டருக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையிலான வெற்றிடம்) கவனியுங்கள். அட்டைக்கு 20 பிக்சல் பேடிங் இருந்தால், டாப் 0 என்பது பேடிங்கின் வெளிவிளிம்பிலிருந்து, அதாவது பார்டரின் உட்புறத்திலிருந்து அளக்கப்படும். டாப் தராமல் ஃபிளெக்ஸ்-ஸ்டார்ட்டில் (தொடக்கத்தில் நிறுத்தும் சீரமைப்பு) விடப்பட்ட உறுப்போ 20 பிக்சல் உள்ளே நிற்கும்.

மறுதேர்வுக்கு முன் நான் செய்த பயிற்சி இதுதான்: ஓர் அட்டை, ஒரு பட்டை, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரியை மாற்றுவது, பக்கத்தைப் புதுப்பிக்கும் முன் பட்டை நிற்கப்போகும் இடத்தைத் தாளில் வரைந்துவிடுவது. முதல் நாள் பாதிக்கு மேல் தவறாக வரைந்தேன், ஒரு வாரத்தில் அநேகமாக எல்லாம் சரியாக வந்தன. மறுதேர்விலும் பட்டை கேட்டிருந்தார்கள். அட்டைக்கு ரிலேட்டிவ் என்பதைத்தான் முதல் வரியாக எழுதினேன்.